ஹால் போனது, ரோடு இருக்கிறது

கோயமுத்தூர் டவுன்ஹால் வட்டாரத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள், பில்லின் தலைப்பில் "வெரைட்டி ஹால் ரோடு" என்ற விலாசத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. லாரி ஆபீஸ் ரசீதிலும் அந்தப் பெயர் வரும், பார்சல் மூட்டையின் மேல் மையால் எழுதிய முகவரியிலும் வரும். அந்த ஹாலைத் தேடிக்கொண்டு இன்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயரும் பலகையிலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் ரோட்டுக்கு வைத்த பெயரை யாரும் மாற்றவில்லை. அந்த வீதியில் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் ஜி.எஸ்.டி. பதிவிலும் அதையே எழுதி வருகிறார்கள்.

மஞ்சக்குட்டையில் மளிகைக் கடையோ, மிளகு காப்பி வாங்கி விற்கும் கடையோ வைத்திருக்கும் ஒருவருக்குக் கோவையில் இருந்த ஒரு பழைய கொட்டகையின் கதை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சரக்கு எடுக்க நாம் மலையிலிருந்து இறங்கி லீ பஜாருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் போகிற சேலம் – ஏற்காடு மெயின் ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஒன்று தனியாக நிற்கிறதே, அதை வாரம் தவறாமல் பார்க்கிறவர்கள் நாம். வாசல் இருக்கிறது, உள்ளே இருந்த ஸ்டுடியோ இல்லை. ஒரு பெரிய கேளிக்கைக் கட்டடம் வந்தால் அதைச் சுற்றி எப்படிக் கடைகள் முளைக்கின்றன, அது வேறு உபயோகத்துக்கு மாறினால் அந்தக் கடைகள் என்ன ஆகின்றன, இடிக்கப்பட்டால் யார் பிழைக்கிறார், யார் கடையைக் காலி செய்கிறார் என்பது வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. சினிமாப் பத்திரிகைகள் நடிகர் நடிகையரைப் பற்றி எழுதும். கொட்டகையின் கணக்கு வழக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

படச்சுருளை விலைக்கு வாங்கிய காலம்

வெரைட்டி ஹாலைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-இல் பிறந்தவர், கோவைக்காரர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் படம் வரையும் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1905-இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் சலனப்படக் கருவியோடு ஊர் ஊராகக் காட்சி நடத்திக்கொண்டு திருச்சிக்கு வந்து, உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நினைத்தபோது, அவருடைய கருவியையும் கையிலிருந்த படச்சுருள்களையும் சுமார் 2,000 ரூபாய்க்கு வின்சென்ட் வாங்கினார். ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு அந்த நாளில் 2,000 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை வட்டிக்கு வாங்கி முதல் போட்டவர்கள் அறிவார்கள். நிரந்தரச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஏசுநாதர் சரித்திரப் படத்தையும் சில துண்டுப் படங்களையும் தூக்கிக்கொண்டு கூடாரத்தோடு கிளம்பினார். தென்னாடு முழுவதும் சுற்றி, வடக்கே லாகூர், பெஷாவர் வரை போய்க் காட்சி நடத்தினார் என்பது சினிமா வரலாறு எழுதியவர்கள் அனைவரும் குறிப்பிடும் செய்தி.

ஏன் அப்படி ஓடிக்கொண்டே இருந்தார்? இதற்கான விடை கலையில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது. அந்த நாளில் படச்சுருளை வாடகைக்குத் தரமாட்டார்கள். துணியைக் கெஜக்கணக்கில் வாங்குவதுபோல அடிக்கணக்கில் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கிய படம் நம் கையிலேயே இருக்கும். ஒரே ஊரில் அதை எத்தனை நாள் காட்ட முடியும்? பத்து நாளில் ஊரே பார்த்துவிடும். சரக்கு மாறாது, ஆகவே வாடிக்கையாளர் மாற வேண்டும். சந்தைக்குச் சந்தை துணி மூட்டை தூக்கிச் செல்லும் வியாபாரியின் கணக்கும் இதுவே. 1907-இல் பிரான்ஸ் நாட்டின் பாத்தே கம்பெனி படங்களை விற்பதை நிறுத்தி வாடகைக்கு விட ஆரம்பித்தது. மற்ற கம்பெனிகளும் மெள்ள மெள்ள அந்த வழிக்கு வந்தன. வாடகைப் படம் வாரா வாரம் மாறும். சரக்கு மாறிக்கொண்டே இருந்தால் கடை ஓடவேண்டியதில்லை, ஒரே இடத்தில் இருக்கலாம். வின்சென்ட் பிற்பாடு அதே பாத்தே கம்பெனியின் கருவிகளுக்குத் தென்னாட்டு ஏஜெண்டாகவும் இருந்தார். கூடாரம் சுருட்டப்பட்டு நிரந்தரக் கட்டடம் எழுந்ததற்கு இந்த மாற்றமே முதல் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. மழை, காற்று, எளிதில் தீப்பற்றும் அந்தக் காலத்துப் படச்சுருள் ஆகிய தொல்லைகளும் இருக்கவே இருந்தன.

1914-இல் வெரைட்டி ஹால் கோவையில் எழுந்தது. தென்னிந்தியாவில் சினிமாவுக்கென்று கட்டப்பட்ட ஆரம்பகால நிரந்தரக் கொட்டகைகளுள் ஒன்று அது. முதலாவது எது என்பதில் வழக்கு உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 1913-இல் எலக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். ரகுபதி வெங்கையா 1914-இல் கெயிட்டியைக் கட்டினார். அந்தப் போட்டி நமக்கு வேண்டாம். மாகாணத் தலைநகரில் இருந்த இரண்டு கொட்டகைகளுக்குச் சமகாலத்தில், ஒரு ஜில்லா தலைநகரில் உள்ளூர்க்காரர் ஒருவர் அப்படி ஒன்றை எழுப்பினார் என்பதே பெரிய விஷயம்.

வெரைட்டி என்றால் வெரைட்டிதான்

நம் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் "வெரைட்டி ஸ்டோர்" என்று போர்டு வைத்தால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தத்தில்தான் இந்த ஹாலுக்கும் பெயர் வைக்கப்பட்டது. பேசாப் படங்கள் சின்னச் சின்னவை. நாலைந்து துண்டுப் படம் ஓட்டினாலும் ஒரு காட்சி நிறையாது. ரீல் மாற்றும் இடைவேளையில் நடனம், வித்தை, பாட்டு என்று ஏதாவது ஒன்று மேடையில் நடக்கும். சில கொட்டகைகளில் குஸ்தியும் குத்துச்சண்டையும்கூட உண்டு. படத்தில் என்ன நடக்கிறது என்று உரத்த குரலில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். மாலையில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் கொட்டி, நோட்டீஸ் வீசிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். ஒரே கூரையின் கீழ் பல சரக்கு என்ற மளிகைக்கடைத் தத்துவத்தைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர் வின்சென்ட் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

அதைவிட நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1914-இல் கோவையில் நாம் இன்று நினைக்கிறபடி மின்சார வாரியமும் கம்பியும் கிடையாது. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில்தான் கோவை மில்களுக்கு வந்தது. ஆகவே கொட்டகைக்கு விளக்கும் படக்கருவியும் ஓட வேண்டுமென்றால் சொந்தமாக இன்ஜினும் மின்சாரம் உண்டாக்கும் டைனமோவும் வைத்தாக வேண்டும். வின்சென்ட் வைத்தார். ஆனால் சினிமா இரவில் மட்டும்தானே? பகல் முழுவதும் அத்தனை விலை உயர்ந்த இயந்திரம் சும்மா கிடக்கும். போட்ட முதலுக்கு வட்டி மட்டும் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். 1916-இல் அவர் "எலக்ட்ரிக் பிரிண்டிங் ஒர்க்ஸ்" என்று மின்சாரத்தில் ஓடும் அச்சகத்தை ஆரம்பித்தார். கையால் அச்சு ஓட்டிக்கொண்டிருந்த ஊரில் அது புதுமை. நெல் குத்தவும் மாவு அரைக்கவும் மின்சார மில்லும் நடத்தினார். இரவில் படம், பகலில் அச்சும் அரவையும் என்று, வைத்த முதலுக்கு ஓய்வே கொடுக்காத மனிதர்.

ஒரு பவர் மில்லை வைத்துக்கொண்டு காலையில் மிளகாய், மாலையில் காப்பிக்கொட்டை என்று அரைத்துத் தரும் நம் மலை வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சினிமாக் கொட்டகைக்காரர் இதைச் செய்தார் என்பது, கேளிக்கைத் தொழில் என்றாலே பணத்தை வாரி இறைக்கும் தொழில் என்று நினைக்கிறவர்கள் அறிய வேண்டிய செய்தி.

பேசும் படம் வந்தது

1931-இல் "ஆலம் ஆரா" இந்தியிலும் அதே ஆண்டு அக்டோபரில் "காளிதாஸ்" தமிழகத்திலும் வெளிவந்ததும் கொட்டகைகளின் நிலைமை தலைகீழானது. ஒலிபெருக்கிக் கருவி வாங்க வேண்டும். மேடை வித்தைக்காரர்களும் படத்துக்கு விளக்கம் சொல்பவர்களும் வாத்தியக்காரர்களும் வேலை இழந்தார்கள். வெரைட்டி ஹால் "வெரைட்டி ஹால் டாக்கீஸ்" ஆயிற்று. வின்சென்ட் அதோடு நிற்காமல் 1933-இல் கல்கத்தா பயனியர் ஸ்டுடியோவோடு கூட்டுச் சேர்ந்து டி.பி.ராஜலட்சுமி நடித்த "வள்ளி திருமணம்" படத்தை எடுத்தார். கோவையில் 1935-இல் சென்ட்ரல் ஸ்டுடியோ உருவானபோது அதிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1942-இல் காலமானார்.

அதே 1935-இல்தான் நம் சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை ஏற்காடு ரோட்டில் தொடங்கினார். திருச்செங்கோட்டைச் சேர்ந்த ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளிப் படிப்பு படித்தவர். நூல் கணக்குத் தெரிந்தவர் என்பதால் ஸ்டுடியோவையும் மில் நடத்துவதுபோலவே நடத்தினார். நேரத்துக்கு வேலை, மாதச் சம்பளம், சொன்ன தேதியில் படம். 1938-இல் முதல் மலையாளப் பேசும்படமான "பாலன்", 1950-இல் மு.கருணாநிதி வசனத்தில் "மந்திரி குமாரி", 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த முதல் முழுநீள வண்ணத் தமிழ்ப்படம் "அலிபாபாவும் 40 திருடர்களும்" ஆகியவை அங்கிருந்து வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். சுந்தரம் 1963-இல் மறைந்தார். அதன் பிறகு 1980-களின் தொடக்கத்தோடு படத் தயாரிப்பு நின்றது. இடம் மனைகளாகி வீடுகள் வந்துவிட்டன. அந்த வளைவைப் பாதுகாக்க வேண்டும் என்றும், அது நிற்கும் இடம் யாருடையது என்றும் 2023-இல் பத்திரிகைகளில் பெரிய பேச்சு எழுந்ததை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கொட்டகை வாசலில் கடை

இனி நமக்கு நேரடியாக வேண்டிய சங்கதிக்கு வருவோம். ஒரு கொட்டகை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் சுற்றி யார் யார் பிழைத்தார்கள்? வாசலில் வெற்றிலை பாக்குக் கடை, சோடாக்கடை, பீடி சிகரெட் பெட்டிக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, முறுக்கும் வேர்க்கடலையும் தட்டில் வைத்து உள்ளே விற்கும் பையன்கள், இரவு ஆட்டம் விட்டதும் திறந்திருக்கும் டிபன் கடை. இவர்கள் எல்லோருக்கும் கடலை, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள் கொடுப்பது நாலு கடை தள்ளி இருக்கும் மளிகைக்காரர். கொட்டகைக்காரர் முகத்தையே பார்த்திராத மளிகைக்காரருக்கும் கொட்டகையால் வரவு உண்டு. நல்ல படம் வந்தால் கடலை மூட்டை சீக்கிரம் காலியாகும். படம் படுத்துவிட்டால் பெட்டிக்கடைக்காரர் பாக்கியைத் தள்ளிப்போடுவார். இது நம் பேரேட்டில் தெரியும்.

இந்தக் கொட்டகைகள் வேறு உபயோகத்துக்கு மாறியபோது நடந்ததைப் பாருங்கள். எலக்ட்ரிக் தியேட்டர் இரண்டே ஆண்டுதான் ஓடியது. 1915-இல் தபால் இலாகா அதை வாங்கியது. இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கட்டடம் இருக்கிறது, தபால்தலை சேகரிப்போருக்கான அலுவலகமாக. கூட்டம் போய்விடவில்லை, கூட்டத்தின் நேரம் மாறிவிட்டது. இரவு வந்தவர்களுக்குப் பதில் பகலில் வருகிறார்கள். இரவுக் கூட்டத்தை நம்பிய சோடாக்கடைக்கு நஷ்டம். தபாலாபீஸ் வாசலில் மேஜை போட்டு மணியார்டர் பாரம் எழுதித் தருபவருக்கும், கவர், பேனா, பசை விற்பவருக்கும் அந்த நாளில் வரவு.

கொட்டகை கலியாண மண்டபமாக மாறினால் அதுதான் மளிகைக்காரருக்கு யோகம் என்று நாம் கருதுகிறோம். அரிசி, பருப்பு, நெய், எண்ணெய் என்று ஒரு கலியாணத்துக்கு எடுக்கும் சரக்கு, பெட்டிக்கடைகள் ஒரு மாதம் எடுப்பதைவிட அதிகமாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் காற்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் இப்போது சமையல் காண்டிராக்டர்கள் மொத்தக் கொள்முதலாக நேரே மண்டியில் எடுத்துவிடுகிறார்கள். பக்கத்துக் கடைக்கு மிஞ்சுவது கடைசி நேரத்தில் குறைந்துபோன உப்பும் புளியும் கற்பூரமும் என்று ஆகிவிட்டது. குடோனாக மாறினால் கூட்டமே இல்லை. சுமைதூக்கும் தொழிலாளர்களின் டீக்கடை மட்டும் தாக்குப்பிடிக்கும். நிலக்கடலை வறுத்துத் தந்த கொட்டகையே பிற்பாடு நிலக்கடலை மூட்டை அடுக்கும் கிடங்கானால் அதை விதி என்பதா, வியாபாரம் என்பதா!

மதுரை தங்கம் தியேட்டரின் கதை இன்னும் பெரியது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், 1952 தீபாவளிக்கு "பராசக்தி" படத்தோடு திறக்கப்பட்டது. 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு காட்சி விட்டால் 2,500 பேர் ஒரே நேரத்தில் தெருவில் இறங்குவார்கள் என்றால், அந்தத் தெருவின் டிபன் கடைக்கும் பழக்கடைக்கும் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே 2,500 இருக்கைதான் பிற்பாடு சுமையாயிற்று. டெலிவிஷனும் வீடியோவும் 1990-களில் சாட்டிலைட் சேனலும் வந்து கூட்டம் குறைந்தபோது, 300 பேருக்காக 2,500 பேர் அமரும் இடத்துக்கு விளக்குப் போட்டு, ஆள் வைத்துப் பெருக்கி, வரி கட்ட வேண்டியிருந்தது. 1990-களில் மூடினார்கள். பல வருஷம் பூட்டியே கிடந்தது. பிறகு இடித்து, அந்த இடத்தில் சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடை எழுந்தது.

கூட்டம் மறுபடி வந்துவிட்டதே, பக்கத்துக் கடைக்காரர்களுக்கு லாபம்தானே என்று தோன்றும். இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். கொட்டகைக்கு வந்தவன் படம் பார்க்க வந்தான். மற்ற எல்லாவற்றையும் வெளியே வாங்கினான். பலமாடிக் கடைக்கு வருகிறவர் துணி எடுத்து, அங்கேயே சாப்பிட்டு, பிள்ளைக்குப் பொம்மை வாங்கி, அங்கேயே நிறுத்திய வண்டியில் ஏறிப் போய்விட இப்போதைய பெரிய கடைகள் எல்லா ஏற்பாடும் செய்து வைக்கின்றன. கூட்டம் ஒரே அளவுதான். ஆனால் அந்தக் கூட்டத்தின் கை, தெருக்கடைப் பக்கம் நீள்வது குறைந்துவிடுகிறது. இன்றைய மல்டிபிளெக்ஸ் தியேட்டரும் அப்படித்தான். உள்ளே விற்கும் சோளப்பொரியின் விலையைக் கேட்டால் நம் கடையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துப் பருப்பு கட்டிக் கொடுத்துவிடலாம்.

டிலைட் ஆன வெரைட்டி

வெரைட்டி ஹால் கைமாறி, பெயர் மாறி "டிலைட்" தியேட்டர் ஆனது. பல்லாண்டுகள் அந்தப் பெயரில் ஓடியது. கோவையில் புதுப்புதுத் தியேட்டர்கள் வந்தபின் முதல் வெளியீட்டுப் படங்கள் அங்கே போய்விட்டன. டிலைட் பழைய படங்களைப் போட்டுக் காலம் தள்ளியது. டவுன்ஹால் சந்தைக்கு வரும் கூலிக்காரர்களும் சுமை இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குக் காத்திருப்பவர்களும் குறைந்த கட்டணத்தில் மூன்று மணி நேரம் நிழலில் உட்கார அது ஒரு இடம். இதை நாம் இளக்காரமாகச் சொல்லவில்லை. மொத்த வியாபார வீதிக்கு அப்படி ஒரு இடம் தேவை. மண்டிக்கு வெளியூரிலிருந்து வந்து, சரக்கு ஏற்ற மாலை வரை காத்திருக்கும் வியாபாரிக்கு, வெயிலில் நிற்காமல் பொழுதுபோக்க வேறு போக்கிடம் ஏது? கொரோனா நோய் வந்து 2020-இல் நாடெங்கும் தியேட்டர்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அதன் பின்னால் வந்த ஆண்டுகளில் டிலைட் இடிக்கப்பட்டது.

அதே வட்டாரத்தில் 1892-இல் கட்டிய விக்டோரியா டவுன்ஹால் இன்னும் நிற்கிறது. மாநகராட்சி மன்றக் கூட்டம் அங்கே நடக்கிறது. வெரைட்டி ஹாலைவிட இருபத்திரண்டு வயது மூத்தது. அது பிழைத்ததற்கும் இது போனதற்கும் காரணம் கட்டடத்தின் உறுதி மட்டுமாக இருக்க முடியாது. ஒன்று பொதுச்சொத்து, உபயோகத்தில் இருக்கிறது. மற்றது தனியார் சொத்து. கீழே இருக்கும் மண்ணின் விலை மேலே ஓடும் படத்தின் வசூலைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது. ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கும் ராஜ வீதி நகைக்கும் பெயர்போன இடங்கள். அவற்றின் அருகே ஒரு பெரிய மனையில் பழைய படம் ஓட்டிக்கொண்டிருக்க எந்த உரிமையாளருக்கும் கட்டுப்படியாகாது. அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. சென்ட் விலை ஏறியதும் காப்பித் தோட்டத்தை மனை பிரித்து விற்ற கதைகளை நம் மலையிலேயே பார்த்துவிட்டோம்.

ஆனாலும் ஒரு குறை நமக்கு உண்டு. தென்னாட்டுச் சினிமா வியாபாரத்துக்குக் கால்கோள் விழுந்த இடம் அது. புதிய கட்டடம் எதுவானாலும் அதன் முகப்பில் ஒரு கல்வெட்டு பதித்து, "1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் இங்கே இருந்தது" என்று இரண்டு வரி எழுதினால் உரிமையாளருக்குச் செலவு அதிகம் ஆகாது. வெரைட்டி ஹால் ரோட்டு வியாபாரிகளே ஒன்றுகூடி அதைச் செய்யலாம். தங்கள் விலாசத்தில் தினமும் எழுதும் பெயர் அல்லவா?

வாடகைக் கடைக்காரர் கவனத்துக்கு

கொட்டகை, சத்திரம், பழைய மில் போன்ற பெரிய கட்டடங்களின் முகப்பிலும் காம்பவுண்டு ஓரத்திலும் வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப்பேர். கட்டடம் இடிபடும்போது முதல் அடி இவர்களுக்குத்தான். "முப்பது வருஷமாக இருக்கிறேன், முதலாளி என்னைத் தெருவில் விடமாட்டார்" என்ற நம்பிக்கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருப்பார்கள். அந்த முதலாளி விடமாட்டார். அவருக்குப் பின் சொத்தை வாங்கும் கம்பெனிக்கு இவர் யார் என்றே தெரியாது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிந்துபோயிற்று. அதற்குப் பதிலாக 2017-ஆம் ஆண்டில் இயற்றிய புதிய நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். இடித்துக் கட்ட இடம் வேண்டும் என்பதும் காரணங்களுள் ஒன்று. பழைய சட்டத்தில் வழக்குப் போட்டுப் பத்து வருஷம் இழுத்த கதைகளை நினைத்துக்கொண்டு இப்போது யாரும் தைரியமாக இருக்க வேண்டாம். சேலத்தில் கிடங்கோ கடையோ வாடகைக்கு எடுத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் விஷயம்.

இடித்துக் கட்டியபின் மறுபடி கடை தருவதாக உரிமையாளர் வாயால் சொன்னால், எத்தனையாவது மாடி, எத்தனை சதுர அடி, வாடகை என்ன, கட்டி முடிக்கும் வரை அட்வான்ஸ் யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ரோட்டைப் பார்த்திருந்த பெட்டிக்கடைக்கு மாற்றாக இரண்டாவது மாடி மூலையில் ஓர் அறை கொடுத்தால் அந்தக் கடையில் யார் வந்து உப்பு வாங்குவார்? புது காம்ப்ளெக்ஸ் உரிமையாளர் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருப்பார். கடை வாடகைக்கு மேல் 18 சதவீத வரி சேரும். காம்போசிஷன் முறையில் வரி கட்டும் சிறு வியாபாரி அந்த 18 சதவீதத்தை வரவு எடுத்துக்கொள்ள முடியாது, கைக்காசாகவே போகும். பழைய வாடகையோடு புதிய வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடை இடம் மாறினால் புதிய விலாசத்தை ஜி.எஸ்.டி. பதிவிலும் உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும் எடைகோல் முத்திரைச் சான்றிலும் பாங்குக் கணக்கிலும் மாற்ற வேண்டும். பழைய விலாசத்துக்கே சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் மண்டிக்காரர்களுக்கும் லாரி ஆபீசுக்கும் கடிதம் போட வேண்டும். ரோட்டின் பெயர் மாறாமல் இருந்தால் கதவு எண்ணை மட்டும் திருத்தினால் போதும்.